கடற்கரைப் பிள்ளையும் பல்கலைக்கழக முதலாண்டும்

பல்கலைக்கழகத்திற் புகுந்த மாணவன் முதலாம் ஆண்டிலே தடுமாறினால், அதனை அவனது ஆற்றற் குறைவு என்று கூறிவிடுவது எளிது. எளிதான இம்முடிவு உண்மையன்று. அத்தடுமாற்றத்திற்கு ஒரு சமூக வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிய, கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குழி போன்ற கடற்கரை ஊரொன்றில் நின்று நோக்குவது நன்று. அங்கிருந்து பார்த்தால் பேராதனைக் குன்றுகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது விளங்கும். அத்தொலைவு மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று.

கல்வி இக்கரைக்குப் புதிதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை பற்றிய விவரத் தொகுதியொன்றையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் வெளியிட்டார். பல்கலைக்கழகம் எதுவும் இத்தீவில் இல்லாத காலம் அது. ஆயினும் தமிழ்ப் புலவரின் வரலாற்றை அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். அறிவுலகின் வாயிலுக்கு எம்மொழி திறவுகோலாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் அது சேர் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்ட இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அப்போது அங்கு பயின்றோர் 904 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்ற நகர்ப்புற, நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். அவர்களுக்கு முதலாம் ஆண்டு என்பது பழகிய வாழ்வின் தொடர்ச்சியே. கரைவலை இழுப்பவனின் மகனுக்கு அங்கு தடுமாற்றம் இருக்கவில்லை; அவனுக்கு அங்கு இடமே இருக்கவில்லை.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நிலையை அசைத்தது. அதே ஆண்டில் ஏ. எம். ஏ. அஸீஸ் தோற்றுவித்த முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வறிய மாணவர் பலருக்குக் கைகொடுத்தது. ஆனால், 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்த பல்கலைக்கழகமோ ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபுகளைத் தழுவிய விடுதி வாழ்வைக் கொண்டிருந்தது. கிராமத்துப் பிள்ளை பாடத்தை மட்டுமா கற்கவேண்டியிருந்தது? உணவு மேசையில் அமரும் முறையையும், பேசும் முறையையும், தன் ஊரைச் சொல்லக் கூசும் முறையையும் சேர்த்தே கற்றது.

1960இல் கலைப்பீடத்திற்குத் தாய்மொழிவழி மாணவர் வந்து சேர்ந்தனர். இது பெரியதொரு சனநாயக மாற்றம். விரிவுரை தமிழில் நிகழ்ந்தது. நூலகமோ பெரிதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. கதவு திறந்தது, உள்ளே விளக்கு ஏற்றப்படவில்லை. எனினும் அக்காலத்திலேயே நம்பிக்கை தரும் ஒரு நிகழ்வும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். மாணவர்களே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை ஆடினர். தன் ஊரின் ஆட்டமும் தாளமும் ஆய்வுக்குரியன என்று கண்ட மாணவனுக்கு, அந்நிறுவனம் அந்நியமாகத் தோன்றுமா?

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறை, தமிழ்மொழி மூலம் தேர்வெழுதியோரிடம் கூடிய புள்ளிகளைக் கோரியது. அது இன அநீதி. அதன் வடு இன்றும் ஆறவில்லை. அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீடோ பின்தங்கிய பகுதிகளுக்கு வழி திறந்தது. கல்வி வசதி குறைந்தவை எனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. ஒரே வரலாறு ஒரு கரையின் பிள்ளையைத் தள்ளி, மற்றொரு கரையின் பிள்ளையை ஏற்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காணாதவர் இப்பிரச்சினையை முழுமையாகக் காணாதவரே.

பகிடிவதையைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேற்றுமையை அழித்து அனைவரையும் சமமாக்கும் சடங்கு அது என்பர் அதனை ஆதரிப்போர். 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் அதற்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி நடமாட்டத்தை இழந்தார். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்தின் முதலாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர், கொடிய உடற்பயிற்சிகளுக்கு ஆளாக்கப்பட்டபின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சாதாரணப் பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுவரை, பாலியற் துன்புறுத்தலுக்கும் கடுங்காயத்திற்கும் பத்து ஆண்டுவரை சிறை. சட்டம் வந்தது; வழக்கம் முற்றாக ஒழியவில்லை. மண்டியிட வைத்துச் சமத்துவத்தைக் கற்பிக்க முடியாது. சம்மாட்டியின் முன் தந்தை குனிந்து நின்றதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, மூத்த மாணவன் முன்னும் குனிந்து நிற்கவோ பல்கலைக்கழகம் போவது?

இன்று விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் ஆகியன ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. தமிழில் உயர்தரம் பயின்ற கடற்கரைப் பிள்ளை, முதல் விரிவுரையிலேயே தான் அறிந்த விடயத்தையும் அறியாத மொழியிற் கேட்கிறது. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் உதவி செலவின் ஒரு பகுதியைத் தாங்கும். மனத்தின் தனிமையைத் தாங்காது.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியன உள. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத் தொடக்கத்திற்கும் இடையே கழியும் மாதங்களில், பாடத்துறைச் சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருசேரக் கற்பிக்கலாம். முன்னரே சென்ற நம் ஊர் மாணவரை அழைத்துப் புதியவரோடு பேசச் செய்யலாம். பகிடிவதை சட்டப்படி குற்றம் என்பதையும், முறையிடுவது கோழைத்தனம் அன்று என்பதையும் பெற்றோர் உள்ளிட்ட அனைவருக்கும் எடுத்துரைக்கலாம். மாணவ நண்பர்களே, நீங்கள் மூத்தவராகும் ஆண்டில் புதியவன் தோளில் வைக்கும் கை எத்தகையது என்பதை இப்போதே தீர்மானியுங்கள்.

கண்டக்குழிப் பிள்ளை தன்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவேண்டும் என்று எண்பது ஆண்டுகளாகக் கூறிவந்துள்ளோம். அப்பிள்ளையின் தந்தை செலுத்தும் வரியிலும் நடைபெறும் பல்கலைக்கழகம், அப்பிள்ளைக்கு ஏற்ப எவ்வளவு மாறியுள்ளது என்று கேட்கவேண்டிய முறை இனி நம்முடையது.