பந்தியும் மெஸ் பில்லும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு கணக்கு ஆரம்பமாகும். பிள்ளையை மெஸ்ஸோடு கூடிய ஹாஸ்டலில் சேர்ப்பதா, நாலு பேரோடு ரூம் எடுத்துப் பொங்கித் தின்னச் சொல்வதா? வாடகை, அட்வான்ஸ், கேஸ், வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கும் அரிசி எல்லாம் நோட்டில் ஏறும். பந்தியில் யாரோடு உட்காருவான் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. நம் ஊரில் படிக்கப் போனவனின் சாப்பாட்டுப் பிரச்சினையே அதுவாகத்தான் இருந்தது.

உ.வே.சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். பகலெல்லாம் ஆசிரியரோடு ஏடும் பாட்டும்தான். சாப்பாடு மட்டும் தனி. பிள்ளை வேளாளர், மாணவர் பிராமணர். அவ்வளவு நெருங்கிய உறவிலும் பாடம் ஓரிடம், இலை வேறிடம்.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் இந்தக் கதையின் மறுபக்கம். அவர் படிக்க வீட்டைவிட்டுப் போகவில்லை, ஆசிரியர்கள்தான் வந்தார்கள். புலவர்களை வைத்து ஆதரித்தவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். கலாசாலை, நூலகம், தேர்வுகள், ‘செந்தமிழ்’ இதழ் என்று அது வளர்ந்தது. பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆதரவில் கிடைக்கும் சோறு ஒரு மனிதரின் ஆயுளை நம்பியது. அவர் 1911இல் இறந்தபோது வயது 44.

சென்னைக்குப் போன பிள்ளைகளுக்கு ஜமீன்தார் இல்லை, ஹோட்டல் இருந்தது. அங்கேயும் பிராமணர்களுக்குத் தனி இடம். பிராமணரல்லாத மாணவர்கள் தங்கவும் சாப்பிடவும் அலைவதைப் பார்த்துத்தான் டாக்டர் சி. நடேசனார் 1910களில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் தொடங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். நீதிக்கட்சியின் வரலாற்றை மேடைப் பேச்சிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்த ஹாஸ்டலிலிருந்து தொடங்குவேன்.

அடுத்தது சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு என்று தெரிந்ததும் நாடே கொதித்தது. பெற்றோரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். காந்தி ஒரு சமரசம் சொன்னார்: இந்த இருவர் அப்படியே இருக்கட்டும், இனி சேர்கிறவர்கள் எல்லோரும் ஒரே பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஏற்கவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று 1925இல் எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியதும் இராஜாஜி உள்ளிட்ட சிலர் செயற்குழுவிலிருந்து விலகினார்கள். ரெண்டே ரெண்டு இலைக்காகவா இவ்வளவு என்று இன்று தோன்றலாம். ஊர்ப் பணத்தில் நடக்கும் பந்தி யாருடையது என்பதுதான் அன்றைய கேள்வி.

இப்போது மெஸ் பில்லுக்கு வருவோம். எங்கள் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று ஒன்று உண்டு. மாதச் செலவை எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். அதுதான் ஒரு நாள் ரேட். முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால் அந்த நாட்கள் கழியும். மாணவப் பிரதிநிதிகள் சாமான் வாங்குவதைப் பார்ப்பார்கள். சாம்பார் தண்ணியாக இருந்தால் திட்ட நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அது யாருடைய தர்மமும் இல்லை, நம் காசு. கேட்டரிங் கான்ட்ராக்ட் என்றால் கதை வேறு. தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரே கட்டணம்.

ரூம் மலிவாக வரலாம், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு விடுகிறவர் “தம்பி, நீங்க என்ன ஆளுக?” என்று கேட்பார். “நான்வெஜ் சமைப்பீங்களா?” என்பதும் பல வீடுகளில் அதே கேள்விதான். கடைசியில் ஒரே ஊர், ஒரே தெருப் பையன்களாகச் சேர்ந்துகொள்வார்கள். பந்தி பழையபடி பிரிந்துவிடும். மெஸ்ஸும் தானாகச் சரியாக இருந்துவிடாது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு மெஸ்ஸில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவுமிடம் என்று தாள் ஒட்டியிருந்தது. எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள்.

என்னைக் கேட்டால் முதல் வருஷமாவது மெஸ். அதற்குப் பிறகு அவன் பாடு. கல்லூரியைப் பார்க்கப் போகிற அப்பாமார் லேபையும் பிளேஸ்மெண்ட் போர்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு மெஸ்ஸுக்குள்ளும் ஒரு நடை போய், பில் எப்படிப் போடுகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.