காகிதப் பூவுக்கு முன்னால் ஒரு தோட்டம் இருந்தது

முன்பள்ளிக் கைவேலை எண்டு சொன்னவுடனே எங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே படம்தான் மனதில் வரும். பிறிஸ்டல் போட்டில் ஒட்டிய வர்ணத்தாள் பூ, பஞ்சு ஒட்டிய முயல்குட்டி, மூலையில் சிரிக்கிற சூரியன். இணையத்தில் 'வசந்தகாலக் கைவேலைகள்' என்று தேடினால் டியூலிப் பூக்களும் முயல்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. அச்செடுத்து, வெட்டி, ஒட்டினால் வேலை முடிந்தது. "இதில என்ன வரலாறு கிடக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு அரசாங்கம் பயந்துபோய்த் தடைசெய்த கதையே கிடக்கிறது.

கதை ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியில் தொடங்குகிறது. பிரெட்ரிக் புரோபல் 1782 ஏப்ரல் 21 அன்று அங்கே பிறந்தார். ஒரு வயது ஆகமுன்னமே தாயை இழந்தவர். பதினைந்து வயதில் காட்டு வேலை பழகப் போனார். பின்னொரு காலத்தில் பேர்லினில் பளிங்குக் கற்களை ஆராய்ந்த ஒரு பேராசிரியரிடம் உதவியாளராக இருந்தார். மரம் வளர்வதையும் பளிங்கு உருவாவதையும் பார்த்த அதே கண்ணால் அவர் பிள்ளைகளையும் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது வெளியே வர இடம் விடுவதே வளர்ப்பவரின் வேலை என்று நம்பினார். 1837 இல் பாட் பிளாங்கன்பேர்க் என்ற சிறிய ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840 ஜூன் 28 இல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயர் நிலைத்தது. பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள்.

இந்தத் 'தோட்டம்' வெறும் உவமை இல்லை. புரோபலின் திட்டத்தில் உண்மையாகவே மண்ணும் பாத்தியும் இருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. அந்தப் பாத்திகளைச் சுற்றி எல்லாருக்கும் பொதுவான பெரிய பாத்திகள். தன்ர பாத்தியில் பிள்ளை விரும்பியதை நடலாம், பொதுப் பாத்தியை எல்லாருமாகச் சேர்ந்து பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் குளிரில் உறைந்து கிடக்கிற நாட்டில், மண் இளகி முதல் முளை தலைகாட்டுவது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! அங்கே வசந்தம் கையால் தொடக்கூடியது.

கைவேலை இந்தத் தோட்டத்தோடு சேர்ந்துதான் வந்தது. புரோபல் இரண்டு வகைப் பொருட்களை உருவாக்கினார். முதல் வகையை 'பரிசுகள்' என்றார். நூல் சுற்றிய வர்ணப் பந்துகள், மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம், சிறு துண்டுகளாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கக்கூடிய கட்டைகள் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது வகை 'வேலைகள்'. தாள் மடித்தல், வெட்டுதல், தாள் கீலங்களைப் பின்னுதல், ஊசியால் துளையிட்டுப் படம் எடுத்தல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி குத்தி உருவம் கட்டுதல். இன்றைக்கு எங்கட முன்பள்ளிகளில் நடக்கிற கைவேலைகளில் பாதிக்குமேல் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பிள்ளை செய்கிற வடிவங்களை அவர் மூன்றாகப் பிரித்தார். கதிரை, வீடு, மரம் போன்றவை வாழ்க்கையின் வடிவங்கள். நட்சத்திரம்போல, பூப்போல ஒரு மையத்தைச் சுற்றி விரிபவை அழகின் வடிவங்கள். எண்ணையும் அளவையும் காட்டுபவை அறிவின் வடிவங்கள். ஒரே சதுரத் தாளை மடித்து மூன்றையும் செய்யலாம். பாத்தியில் விரிந்த பூவைப் பார்த்த பிள்ளை, அந்த ஒழுங்கைத் தாளில் தானே கண்டுபிடிக்கவேண்டும் என்பதுதான் எண்ணம். தோட்டத்தில் இருந்துதான் மேசைக்கு வருவது.

இதில் ஒரு அரசுக்குப் பயப்பட என்ன இருந்தது? 1848 இல் ஜேர்மன் நாடுகள் எங்கும் புரட்சி எழுந்து, அடுத்த வருடமே அடக்கப்பட்டது. கிண்டர்கார்ட்டனை ஆதரித்தவர்களில் பலர் தாராளவாதிகள். அதைவிட முக்கியமாக, இளம் பெண்களை ஆசிரியர்களாகப் பயிற்றவேண்டும் என்று புரோபல் வற்புறுத்தினார். வீட்டுக்கு வெளியே ஒரு தொழில், ஒரு மரியாதை. பெண்கள் அமைப்புகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. 1851 ஓகஸ்ட் 7 இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. அவை சோசலிசத்தையும் நாத்திகத்தையும் வளர்க்கின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபலின் பெறாமகன் கார்ல் புரோபல் எழுதிய ஒரு பிரசுரத்தை இவருடையதாக அமைச்சர் குழப்பிக்கொண்டார் என்பதும் உண்மை. குழப்பத்தைச் சுட்டிக்காட்டிய பிறகும் தடை எடுக்கப்படவில்லை. ஆக, பெயர்க்குழப்பம் மட்டும் காரணமில்லை. 1852 ஜூனில் புரோபல் இறந்தார். தடை நீங்கியது 1860 இல். அவருடைய கல்லறையில் கனசதுரமும் உருளையும் கோளமும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன.

தடை அந்த எண்ணத்தை அழிக்கவில்லை, இடம்பெயர வைத்தது. புரட்சி தோற்றபின் நாட்டை விட்டுப் போனவர்களோடு அதுவும் போனது. 1856 இல் மார்கரெத் ஷுர்ஸ் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் உள்ள வோட்டர்டவுனில் ஜேர்மன் மொழிக் கிண்டர்கார்ட்டன் ஒன்றைத் தொடங்கினார். 1860 இல் எலிசபெத் பீபொடி பொஸ்டனில் ஆங்கிலத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1876 இல் டோக்கியோவில், பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு கிண்டர்கார்ட்டன் திறக்கப்பட்டது. புரோபலின் தாள் மடிப்பு அங்கே யப்பானியர்களின் பழைய ஒரிகாமியோடு கலந்தது.

ஜேர்மனியிலேயே ஹென்ரியற்ற ஷ்ராடர்-பிரைமான் என்ற பெண் இன்னொரு திருப்பத்தைக் கொண்டுவந்தார். புரோபலின் உறவினர், அவரிடமே படித்தவர். பேர்லினில் அவர் கட்டியெழுப்பிய பெஸ்டலோசி-புரோபல் இல்லத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பொருள் மையமாக இருந்தது. இயற்கையில் இருந்தோ வீட்டு வாழ்க்கையில் இருந்தோ எடுத்த ஒரு பொருள். பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள், பராமரிப்பார்கள், அதைப்பற்றிப் பாடுவார்கள், கடைசியில் வரைவார்கள், செய்வார்கள். இன்றைக்கு முன்பள்ளி ரீச்சர்மார் 'தீம்' என்று சொல்வதன் மூதாதையரில் இதுவும் ஒன்று. பருவம் முதலில், கைவேலை பிறகு.

இந்த வரிசை எங்கே தலைகீழானது? ஒரு பகுதி பதில் சந்தையில் இருக்கிறது. 1840களில் மரக்கூழில் தாள் செய்யும் முறை வந்தது. 1856 இல் வில்லியம் பேர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். வர்ணத்தாள் மலிவானது. அமெரிக்காவில், பலகை விளையாட்டுகளால் நாங்கள் அறிந்த மில்டன் பிராட்லி 1869 தொடக்கம் கிண்டர்கார்ட்டன் பொருட்களைத் தயாரித்து விற்றார். நல்ல நோக்கத்தோடு செய்தவர்தான். ஆனால் பெட்டியில் வருகிற தாளுக்கும் துளையிடும் அட்டைக்கும் மண் தேவையில்லை, மழை தேவையில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அட்டை, ஒரே புள்ளிகள். 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில், இந்த நுணுக்க வேலை சின்ன விரல்களுக்கும் கண்களுக்கும் கூடாது, பிள்ளை வெறும் பிரதி எடுக்கிறது என்று ஸ்டான்லி ஹோல் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் விமர்சித்தார்கள். அந்த அட்டையின் பேரப்பிள்ளைதான் இன்றைய அச்செடுக்கும் டியூலிப்.

எங்கட நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு இழை உண்டு. 1939 இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்த மரியா மொன்ரிசோரி, யுத்தத்தால் ஐரோப்பாவுக்குத் திரும்பமுடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். அந்த இடைவெளியில், 1944 இல், இலங்கையிலும் பயிற்சி நடத்தினார். அவருடைய பெயர் இங்கே முன்பள்ளிக்கே பொதுப் பெயராகிவிட்டது. "பிள்ளை மொன்ரிசோரிக்குப் போகுது" என்கிறோம். அவர் புரோபலோடு பல இடங்களில் உடன்படாதவர். ஆனாலும் பிள்ளை உண்மையான பொருளைத் தொட்டுப் படிக்கவேண்டும் என்பதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

அப்படியென்றால் எங்கட வசந்தம் எது? எங்கட மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். யாழ்ப்பாணத்தில் அது பனி உருகுகிற காலம் இல்லை, வெயில் கொளுத்துகிற காலம். வேம்பு பூத்து முற்றம் முழுக்கக் கொட்டும். அம்மம்மாமார் அந்தப் பூவைக் கூட்டி எடுத்து வடகம் போடுவார்கள். கொன்றை மஞ்சளாகத் தொங்கும். வைகாசியில் சோளகக் காற்று எழும்ப ஓலைக் காற்றாடி சுழலும். புரோபல் தாள் கீலங்களில் சொல்லிக்கொடுத்த 'ஒண்டு மேல, ஒண்டு கீழ' பின்னலை எங்கட ஊரில் பனையோலையில் பெட்டி இழைக்கிற ஆச்சி எப்பவோ செய்கிறா.

டியூலிப் செய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. பிள்ளைக்கு வேறு நாட்டுப் பூவும் தெரியட்டும். சின்ன அறைக்குள், கொஞ்சச் சம்பளத்துக்கு, இருபது முப்பது பிள்ளைகளை வைத்திருக்கிற ரீச்சருக்கு அச்செடுத்த தாள் எவ்வளவு பெரிய உதவி என்பதும் விளங்குகிறது. ஆனால் 1851 இல் ஒரு அரசு பயந்தது காகிதத்துக்கு இல்லை. தானாகப் பார்த்து, தானாகத் தெரிவுசெய்து பழகுகிற பிள்ளைக்கும், அதை அனுமதிக்கிற பெண்ணுக்கும்தான். இருபது பிள்ளைகள் ஒட்டிய இருபது பூக்களும் ஒரேமாதிரிச் சுவரில் தொங்கினால், அங்கே யாருக்கும் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு காலைநேரம் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கொட்டிக்கிடக்கிற பூவை ஒவ்வொருவரும் பொறுக்கி எடுத்து, இதழ் எத்தனை எண்டு தாங்களே எண்ணட்டும். அதுக்குப் பிறகு தாளையும் பசையையும் குடுப்பம்.