கடலூர் மணற்கல்லுக்குள் ஒரு மழைத்துளி

விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே செம்மண் மேடு. முந்திரியும் பலாவும் காய்க்கிற பூமி. ஐப்பசி மழை எவ்வளவு கொட்டினாலும் இங்கே சேறாக நிற்காது, மண் குடித்துவிடும். நம் துளியின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணுக்குக் கீழே இருப்பது மணற்கல். புவியியலாளர்கள் அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: கடலூர் மணற்கல். பாதாளத்தில் பெரிய ஏரி எதுவும் கிடையாது. மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிதான் நீரின் வீடு. அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் துளியும் அந்தப் பக்கமே நகர்கிறது. நெய்வேலி வரும்போது அதன் தலைக்குமேல் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடியாகப் படுத்திருக்கின்றன. மேட்டிலிருந்து பின்னால் வரும் நீரோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. மூடியில் துளை விழுந்தால் நீர் தானாகவே பீறிடும்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் போர் போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் நெய்வேலி நிலக்கரியின் முதல் தடயம். நிலக்கரியைக் காட்டிக்கொடுத்ததே இந்த ஊற்றுத்தான்! 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. கீழிருந்து முட்டும் நீரின் அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கத்தில் நிலக்கரி வெட்ட முடியாது என்பதால், இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது, ஒரு பகுதி வாய்க்கால் வழியே பாசனத்துக்கு வருகிறது. சென்னையின் தாகத்துக்கும் இந்தப் படுகையிலிருந்து நீர் எடுத்திருக்கிறார்கள்.

சுரங்கத்துக்குத் தப்பிய துளி கிழக்கே போகும். கேப்பர் மலை போர்களில் கடலூர்க்காரர்களுக்குக் குடிநீராகும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் மேல்மட்ட நீர் பல இடங்களில் உவர்ப்பு. கோடையில் வீராணம் ஏரியும் வற்றிவிட்டால், ஆழத்திலிருக்கும் நன்னீரை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த நீரின் வயதைக் கார்பன் ஆய்வால் கணித்திருக்கிறார்கள். செம்மண் மேட்டருகே இளமையான நீர். கடலை நெருங்க நெருங்க அதன் வயது ஏறி, பல்லாயிரம் ஆண்டைத் தொடுகிறது. இன்று சிதம்பரத்தில் ஒருவர் குடிக்கும் ஆழ்துளை நீர், தில்லைக் கோயில் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பு பெய்த மழையாக இருக்கலாம். அவ்வளவு நிதானமாகச் சேர்ந்ததை மோட்டார் ஒரே நாளில் மேலே கொண்டுவந்துவிடுகிறது. ஒருகாலத்தில் தானாகப் பாய்ந்த போர்கள் இன்று பாய்வதில்லை. இறைப்பது ஊறுவதை மிஞ்சினால் கரையோரத்தில் கடல்நீர் உள்ளே நுழையும். நுழைந்த உப்பை வெளியேற்ற நம் ஆயுள் போதாது.

விருத்தாசலம், பண்ருட்டி மேட்டு நிலத்தில் பிளாட் போடுகிறவர்களும் அனுமதி கொடுக்கிறவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: சிதம்பரத்தின் குடிநீர் உள்ளே இறங்கும் வாசல் அந்தச் செம்மண்தான். அங்குள்ள ஏரி குளங்களை முதலில் தூர்வாருங்கள்.