பாயும் மண்ணெண்ணெயும் மின்விசையும்

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அண்டியுள்ளது முகத்துவாரம். ஆற்றின் வாயில் என்னும் பொருளைப் பெயரே தாங்கி நிற்கின்றது. இம்மேற்குக் கரை மீனவர்க்கு முற்காலத்தில் எரிபொருட் செலவு என்பதே இருந்ததில்லை. பக்கத்தே மிதப்புக்கட்டை பொருந்திய ஓரு என்னும் தோணியிற் பாய் விரித்து, பின்னிரவில் வீசும் நிலக்காற்றோடு வெளியேறுவர். பிற்பகலிற் கடற்காற்று எழுந்ததும் அதன் துணையாற் கரை திரும்புவர். தோணி செல்லச் செல்லத் தூண்டிற் கயிறு பின்னே இழுபட, அறுக்குளாவும் சூரையும் அகப்படும். காற்று அடங்கிய நாளிலோ தோள் நோவத் துடுப்பு வலிக்கவேண்டும். அதற்குள் பிடித்த மீனும் பழுதாகும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே இயந்திரம். 1950களின் பிற்பகுதியில் 28 அடி நீளமுள்ள, 3½ தொன் டீசல் படகுகளை அரசாங்கம் மீனவரிடையே அறிமுகப்படுத்திற்று. பின்னர்க் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. அவற்றிற் பூட்டிய வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடின. காற்றை நோக்கிக் காத்திருந்தவன் கடிகாரம் பார்த்துப் புறப்படலானான். ஆனால் காற்றுக்கு விலையில்லை, மண்ணெண்ணெய்க்கு உண்டு. 2022ஆம் ஆண்டு நாட்டிலே எரிபொருள் அருகியபோது படகுகள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. ஒரே முறையில் ஏறக்குறைய நான்கு மடங்கு!

மின்விசையாற் படகு செலுத்தும் எண்ணம் இத்தகைய நெருக்கடியிலேதான் பலர் காதில் ஏறும். எனினும் அது புதியதன்று. பெற்றோலில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தினும் மூத்தது. 1881இல் குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர், கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைப் பாரிஸ் நகரின் சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். ஓலே எவின்ரூட் தம் பெற்றோல் இயந்திரத்தைச் செய்தது 1909இலேதான். 1934இல் அமெரிக்காவின் பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர், போர்ட் மோட்டார் வண்டியைக் கிளப்பும் சிறு மின்மோட்டாரை எடுத்து, வளையும் தண்டும் சுழல்விசிறியும் பூட்டி, தூண்டில் இழுக்கும் படகுக்கு ஏற்றதாக்கினார். ஓசை மிகக் குறைவாதலால் மீன் மிரளாது.

இதை வாங்க எண்ணுவோர் முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும். படகு, ஆள், பொருள் அனைத்தும் சேர்ந்த நிறையில் 100 இறாத்தலுக்கு 2 இறாத்தல் உந்துவிசை என்பது அமைதியான நீருக்குரிய அளவு. 55 இறாத்தல் விசையுள்ள மோட்டார் 12 வோல்ற்றில் முழுவேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயமின்கலத்திற் பாதியையே செலவிடுதல் நன்று. முற்றாக வற்றவிட்டால் அது விரைவிற் கெடும். ஆகவே ஒரு மணி நேரமே ஓட்டம். வேகத்தைக் குறைத்தால் நேரம் சில மடங்காகும். ஆற்றுவாயின் உட்புறத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் அது போதும். தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மோதும் வெளிக்கடலுக்கு இதை நம்பி ஒருவரையும் அனுப்புதல் தகாது.

பேணுதல் எளிதாயினும் நாள்தோறும் வேண்டுவது. உப்புநீருக்கென்று செய்யப்பட்ட மோட்டாரையே தேர்ந்தெடுத்து, கரையேறியதும் நன்னீராற் கழுவி, மின்கல முனைகளைத் துடைத்து, அன்றிரவே மின்னேற்றல் வேண்டும். இடையிடையே சுழல்விசிறியையும் கழற்றிப் பார்க்கவேண்டும். தூண்டிற் கயிறு அச்சிலே சுற்றிக்கொண்டு, நீர் புகாமற் காக்கும் றப்பர் வளையத்தை அறுத்துவிடும். அவ்வழியே உப்புநீர் புகுந்தால் மோட்டார் கெட்டுவிடும்.