பச்சைத் தொப்பியும் நீலத் தொப்பியும்

மார்ச் 17-ம் தேதி டப்ளின் நகரம் முழுக்கப் பச்சை! தொப்பி, சட்டை, குழந்தைகளின் கன்னம் எல்லாம் பச்சை. செயின்ட் பேட்ரிக் தினம். அமெரிக்காவிலிருந்து பேண்டு கோஷ்டிகள், டிரம்பெட்டும் டிரம்முமாக அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, ஓ'கானல் தெருவில் அணிவகுக்கும்.

எண்ணூர் பக்கத்து அத்திப்பட்டில் ('சிட்டிசன்' படத்தில் காணாமல்போன அத்திப்பட்டி அல்ல, இது பத்திரமாக இருக்கிறது!) உட்கார்ந்துகொண்டு இதை எதற்கப்பா எழுதுகிறாய் என்கிறீர்களா? நம் மெட்ராஸுக்கும் அதற்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. இந்த ஊர்வலம் அயர்லாந்தில் பிறந்ததே இல்லை. 1762-ல் நியூயார்க்கில், பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்த ஐரிஷ் சிப்பாய்கள் தங்கள் புனிதருக்காக நடை போட்டார்கள். டப்ளினில் அரசாங்கமே அணிவகுப்பு நடத்தத் தொடங்கியது 1931-ல்தான்! புகுந்த வீட்டு வழக்கத்தைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுவந்த பெண் மாதிரி.

சிப்பாய்கள் என்றேன் அல்லவா? வறுமையால் ஊரைவிட்டுக் கிளம்பிய ஐரிஷ் இளைஞர்களுக்குக் கைகொடுத்த வேலைகளில் ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். அப்படி அவர்கள் வந்து சேர்ந்த படைகளில் ஒன்று, 'மெட்ராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட்'. 1748-ல் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் உருவாக்கியது. ஆற்காடு, பிளாசி, வந்தவாசி... எல்லா இடத்திலும் இவர்கள்தான். பின்னால் 'மெட்ராஸ் ஃபூஸிலியர்ஸ்' என்று பெயர். 1857-ல் கர்னல் நீல் தலைமையில் வடக்கே போனபோது போட்டிருந்த தொப்பியால் 'நீலத் தொப்பிக்காரர்கள்' என்ற பட்டம் வேறு. அலகாபாத்தில் நீல் ஆடிய வெறியாட்டத்தைப் படித்தால் சோறு இறங்காது.

கம்பெனி ஆட்சி முடிந்ததும் படை ராணியின் கணக்குக்கு மாறியது. 1881-ல் இன்னொரு சீர்திருத்தம். மெட்ராஸ் படையையும் பம்பாய் படையையும் சேர்த்து 'ராயல் டப்ளின் ஃபூஸிலியர்ஸ்' ஆக்கிவிட்டார்கள்! நான் பி.காம். படித்தவன். எனக்கு இது லெட்ஜரில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தூக்கிப்போட்ட என்ட்ரி மாதிரிதான் தெரிகிறது. ஆனால், பழைய பாக்கி மறையவில்லை. டப்ளின்காரர்களின் தொப்பி முத்திரையில் கடைசிவரை ஒரு புலியும் யானையும் இருந்தன!

தென்னாப்பிரிக்கப் போரில் ஐரிஷ் படைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மனமிரங்கிய விக்டோரியா மகாராணி 1900-ல் ஓர் உத்தரவு போட்டார். செயின்ட் பேட்ரிக் தினத்தன்று ஐரிஷ் படையினர் தொப்பியில் ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியைச் செருகிக்கொள்ள வேண்டும். இத்தனை உயிருக்கு ஒரு கொத்து இலை!

1916-ல் டப்ளினில் விடுதலைப் புரட்சி வெடித்தபோது, அதை அடக்க இறக்கப்பட்டவர்களில் இதே டப்ளின் ஃபூஸிலியர்ஸும் உண்டு. சொந்த ஊர்த் தெருவில், சொந்தக்காரனுக்கு எதிரே துப்பாக்கி. 1922-ல் சுதந்திர அயர்லாந்து பிறந்தது, படை கலைக்கப்பட்டது. உலகப் போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிப் பல வீடுகளில் வெகுகாலம் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

இங்கே? மவுன்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. இளைஞர் காமராஜரும் அதில் இறங்கினார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. எடுத்தது சரிதான் என்பது என் கட்சி.

டப்ளினில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில், தென்னாப்பிரிக்காவில் மாண்ட ஃபூஸிலியர்ஸுக்காக 1907-ல் எழுப்பிய கல் வளைவு ஒன்று இருக்கிறது. தேசியவாதிகள் அதற்கு வைத்த பெயர் 'துரோகிகள் வாசல்'. திட்டினார்களே தவிர, இடிக்கவில்லை. பேண்டு பார்க்க வந்த கூட்டம், பச்சைத் தொப்பியோடு அந்த வளைவைத் தாண்டித்தான் பூங்காவுக்குள் போய் உட்காருகிறது.