நரம்பின் விரைவும் காட்சியின் காலமும்

ஐம்பொறிகளின் வாயிலாக நிகழும் காட்சியை அளவைகளுள் முதற்கண் வைத்து ஆராய்தல் நம் நூலார் மரபு. அக்காட்சி நிகழுங்கால் உடம்பினகத்து யாது நடைபெறுகின்றது என்பதனைக் கருவிகொண்டு ஆராயுங் கல்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிற்று. அவ்வரலாற்றின் ஒரு பகுதி ஈண்டுக் கூறப்படும்.

1833ஆம் ஆண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்த யோஹன்னஸ் முல்லர் என்பார், புலநரம்பு ஒவ்வொன்றும் தன்னைத் தாக்குவது எதுவாயினும் தனக்குரிய உணர்வையே தரும் என நிறுவினார். இருளிற் கண்ணை விரலால் மெல்ல அழுத்தினும் ஒளியே தோன்றும். ஐயுறுவார் இன்றிரவே செய்து காண்க. நாம் நேரே உணர்வது புறப்பொருளையன்று, நம் நரம்பின் நிலையையே என்பது அவர் துணிபு. இத்துணை நுண்ணறிவினரும், நரம்பின்வழிச் செல்லுந் தூண்டுதலின் விரைவை அளத்தல் ஒருகாலும் இயலாதென்றே கருதினார். அதற்கு உடம்பின் நீளம் போதாதென்பது அவர் கூறிய ஏது.

அதனை அளந்தவர் அவர்தம் மாணாக்கரே. ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அவர், 1849ஆம் ஆண்டு கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடல்நூல் ஆசிரியரானார். தவளையின் கெண்டைக்காற் றசையை அதன் நரம்போடு எடுத்து, நரம்பின்கண் தசைக்கு அணித்தாகிய ஓரிடத்தும் சேய்மைத்தாகிய ஓரிடத்தும் மாறிமாறி மின்னால் தூண்டினார். தூண்டும் கணத்தில் வேறொரு மின்னோட்டந் தொடங்கும். தசை சுருங்கி எடையைத் தூக்குங்கால் அஃது அறும். இடைப்பட்ட காலத்தை மின்மானியின் முள் காட்டும். பிரெஞ்சு அறிஞர் பூயே வகுத்த முறை இது. சேய்மையிடத்தைத் தூண்டியபோது காலம் சிறிது மிகுந்தது. அவ்வேறுபாட்டைக்கொண்டு கணக்கிட, விரைவு நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்றாயிற்று. ஒலியின் விரைவில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு! மணஞ்செய்து அதிக நாள் ஆகாத அவர் மனைவியார் ஓல்கா உடனிருந்து அளவுகளைக் குறித்துதவினார்.

1850ஆம் ஆண்டு இம்முடிபு வெளிவந்தபோது பலர் நம்பினாரல்லர். மெய்ந்நூற் பயிற்சியுடைய ஆசிரியராகிய அவர் தந்தையாரே, எண்ணமும் அதன் உடற்செயலும் ஒருங்கு நிகழ்வனவன்றிக் காலத்தாற் பிளவுபடுவன என்பதனை ஏற்க இடர்ப்பட்டார். அம்முதியவர் வருத்தம் நமக்கு விளங்காததன்று. ஆயினும் அஃது வேண்டாத வருத்தமென்பதே எம் கருத்து. அளக்கப்பட்டது கருவியின் செலவு. அக்கருவியால் அறிவான் யாவன் என்னும் வினாவை அம்முள் தொடவே இல்லை. கருவிக்குக் காலம் வேண்டும் என்பதனால் அதனைக் கொண்டு அறிவான் ஒருவன் இலன் என்பார் கூற்றும், அவ்வச்சத்தால் ஆய்வையே வெறுப்பார் கூற்றும் ஒப்பப் பிழையாம்.

1858ஆம் ஆண்டு ஹைடல்பெர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குத் துணையாய் அமர்ந்த வில்ஹெல்ம் வுண்ட், 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளநூற்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். வுண்டின் மாணாக்கர் மூன்ஸ்டர்பெர்க் என்பார் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். அவரிடம் பயின்று மீண்ட நரேந்திரநாத் சென்குப்தா 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்து உளநூற்றுறைக்குத் தலைவரானார்.