பினாங்குத் துறைமுகமும் பழைய டிராக்டரும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிவது நம் முன்னோர் வழக்கம். மாடு வாங்கச் சென்றவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள்; சுழி பார்த்தார்கள்; எந்தப் பட்டியில் பிறந்தது, யார் கையில் உழுதது என்று விசாரித்தார்கள். இன்று மாட்டின் இடத்தில் டிராக்டர் வந்து நிற்கிறது. ஆனால் அதற்குப் பல் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மவரிடம் இன்னும் வேரூன்றவில்லை.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். அவருடைய தந்தை செபராங் பிறையில் முப்பது ஆண்டு பால் மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது, கையில் வந்த சேமநிதிப் பணத்தில் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கினார். அதில் மூன்று ஏக்கர் செம்பனை. இரண்டு ஏக்கர் காய்கறி. எஞ்சிய பணத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறு டிராக்டர் ஒன்று வாங்க மகன் எண்ணியிருந்தார். “ஐயா, நீங்களும் ஒரு முறை வந்து பாருங்கள்” என்றார். “தம்பி, நான் பொறிவல்லுநன் அல்லேன், ஆசிரியன்” என்றேன். “பார்க்க வேண்டியதை வரிசையாகக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும், ஐயா” என்று விடை வந்தது. அந்த வரிசையையே இக்கட்டுரையில் காண்போம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆதலின் நமக்குத் தெரிந்த துறைமுகத்திலிருந்து தொடங்குவோம்.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். எதிர்க்கரையிலுள்ள நிலப்பகுதி 1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பெறப்பட்டு, வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றது. கப்பல்கள் கடலில் நிற்க, தொங்கான் எனப்படும் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. அப்படகுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். 1904-ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமேடை கட்டப்பட்டது. 1960-களில் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தின் ஆழ்நீர்த் துறைமேடைகள் எழுந்தன. கனத்த இயந்திரங்கள் நிலப்பகுதியிலேயே நேராக இறங்கும் வழி அதனால் ஏற்பட்டது.

அந்நிலப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவான், கலிடோனியா முதலிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. உழைத்தவர் தமிழர், இழுத்தவை மாடுகளும் எருமைகளும். பின்னரே டிராக்டர் வந்தது. என் இளமையில் லயத்து வாசலைக் கடந்து உரமூட்டை ஏற்றிச் சென்ற சிவப்பு மாசி பெர்குசன் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அதன் பின்னால் ஓடாத பிள்ளைகள் இலர்.

அந்தப் பெயருக்குரிய ஹாரி பெர்குசன் அயர்லாந்தின் வடபகுதியில் 1884-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலி கட்டி இழுப்பதுபோல் இழுத்தன. கலப்பை மரவேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால், வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கிவிடும். பெர்குசன் கலப்பையை மூன்று கைகளால் வண்டியோடு இணைத்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பைக்கு ஏற்படும் தடை மேற்கையின் வழியாக வண்டியின் முன்பக்கத்தை நிலத்தில் அழுத்துமாறு அமைத்தார். எண்ணெயழுத்தத்தால் கலப்பையை ஏற்றியிறக்கவும் வழி செய்தார். 1938-ஆம் ஆண்டில் அவரும் ஹென்றி போர்டும் பத்திரம் எதுவும் எழுதாமல் கைகுலுக்கியே உடன்பாடு செய்துகொண்டனர். மறு ஆண்டில் போர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. உடன்பாடு முறிந்தபின் வழக்கு நடந்து, 1952-ஆம் ஆண்டில் 92 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குத் தீர்ந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட டி.இ.20 டிராக்டர்கள் செய்யப்பட்டன.

இவ்வரலாற்றால் வாங்குவோர் அறிவது யாது? மூன்று கை இணைப்பும் அதைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்புமே சிறு டிராக்டரின் உயிர்நிலை. ஆகவே கருவியை மாட்டி மேலே தூக்கச் சொல்லுங்கள். தயங்காமல், நடுங்காமல் தூக்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்குவது பழைய பொறிகளில் இயல்பு. நின்றவுடன் சரிந்து விழுந்தால் உள்ளே கசிவு உண்டு. கருவி தூக்கி நிற்கும்போது அதன் அடியில் ஒருவரும் கையையோ காலையோ நீட்டலாகாது.

அடுத்து, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி. இதற்கு நம் வடக்கே உள்ள மூடா நீர்ப்பாசனத் திட்டம் விடை கூறும். உலக வங்கி 1965-ஆம் ஆண்டில் நான்கரைக் கோடி டாலர் கடன் கொடுத்தது. கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் வயலில் 1970-ஆம் ஆண்டு முதல் இருபோகம் தொடங்கியது. ஒரு போகத்திற்கும் மறுபோகத்திற்கும் இடைவெளி குறுகியதால் எருமை உழவு போதவில்லை, டிராக்டர் வந்தது. ஆனால் சிறு விவசாயிகளுள் மிகப் பலர் டிராக்டரை வாங்கவில்லை. சொந்தமாக வைத்திருந்தவரை அழைத்து, கூலி கொடுத்து உழுதுகொண்டனர். இயந்திரம் எல்லார்க்கும் நன்மையே செய்தது என்றும் சொல்வதற்கில்லை. 1978 முதல் 1980 வரை அங்கே ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், அறுவடைப் பொறிகள் வந்தபின் கூலிக்கு அறுத்த ஏழைகள் வேலையிழந்ததைத் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

எனவே நானும் மாணவரும் முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ரோட்டவேட்டர் 1.2 மீட்டர் அகலம்; டிராக்டர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம். அப்படியானால் ஒரு மணியில் 2,400 சதுர மீட்டர் உழலாம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். திரும்புவதும் நிறுத்துவதும் சேர்த்து இரண்டரை மணி என வைத்தோம். இரண்டு ஏக்கர் காய்கறி நிலத்தை ஆண்டிற்கு நான்கு முறை உழ இருபது மணி. இதற்கு மட்டுமானால் வாடகை உழவே போதும். ஆனால் செம்பனைக் குலைகளை இரு வாரத்திற்கு ஒரு முறை சாலைக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி என்றால் ஆண்டிற்கு ஐம்பது மணிக்கு மேல். இவ்வேலைக்கு, நினைத்த நாளில் வாடகை வண்டி கிடைப்பதில்லை. ஆகவே சிறு டிராக்டர் தேவைதான் எனத் தெளிந்தோம். பெரியது தேவையில்லை என்பதும் தெளிவாயிற்று.

இனி ஜப்பானியச் சிறு டிராக்டரின் பிறப்பைக் காண்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குத்தகை நிலங்கள் உழுதவர்க்கே உரிமையாயின. ஒரு குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் ஒரு ஹெக்டேர் அளவுதான். அச்சிறு வயல்களுக்கு மேனாட்டுப் பெரிய டிராக்டர் பொருந்தவில்லை. 1890-ஆம் ஆண்டில் ஒசாக்காவில் வார்ப்பிரும்புப் பட்டறையாகத் தொடங்கிய குபோட்டா, 1960-ஆம் ஆண்டில் பதினைந்து குதிரைத்திறன் கொண்ட டி15 டிராக்டரை வெளியிட்டது. 1912-ஆம் ஆண்டில் தோன்றிய யன்மார், 1933-ஆம் ஆண்டிலேயே சிறிய டீசல் இன்ஜின் செய்த நிறுவனம். 1926-ஆம் ஆண்டில் தோன்றிய இசேக்கியும் இத்துறையில் இறங்கியது. இன்று ஜப்பானிய விவசாயிகளின் சராசரி வயது அறுபத்தேழைத் தாண்டிவிட்டது. முதியவர் உழவை விட, பிள்ளைகள் நகரத்தில் இருக்க, டிராக்டர் விலைக்கு வருகிறது. நல்ல நிலையிலுள்ள பழைய பொறிகள் கடல் கடந்து வருவதற்கு இதுவே காரணம்.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. அவை சேற்று வயலில் உழைத்தவை; ஆகவே நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் அச்சின் ஆயில் சீல் வழியே சேறும் நீரும் புகுந்திருக்கலாம். அந்த அச்சின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர் போலிருந்தால் நீர் புகுந்துவிட்டது. மற்றொன்று, அவை ஜப்பானியருக்காகவே செய்யப்பட்டவை. எச்சரிக்கை வாசகங்கள் ஜப்பானிய எழுத்தில் உள்ளன. கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டிற்கு மூன்று நான்கு வேகங்கள் இருக்கலாம். நிமிடத்திற்கு 540 சுற்று என்ற அளவிற்குச் செய்த கருவியை மிகு வேகத்தில் ஓட்டினால் அது சிதறிவிடும்.

இவ்வேற்றுமை வழக்குமன்றம் வரை சென்றது. அமெரிக்காவில் குபோட்டா தொடுத்த வழக்கில், ஜப்பானுக்கெனச் செய்யப்பட்ட குறிப்பிட்ட பழைய டிராக்டர்கள், அந்நாட்டில் முறையாக விற்கப்பட்டவற்றிலிருந்து வேறுபட்டவை என்று 1997-ஆம் ஆண்டில் பன்னாட்டு வாணிக ஆணையம் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆங்கில எச்சரிக்கை இன்மையும், உதிரிப் பொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றின் குறையும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாகிவிடாது என்பதே இதன் சாரம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது உயிர்க்காப்பு. வண்டி உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காதபடி இருக்கைக்குப் பின் வளைந்து நிற்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்கு 1959-ஆம் ஆண்டிலேயே சுவீடன் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கே உருண்டு இறந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. பழைய ஜப்பானியச் சிறு டிராக்டர்கள் பலவற்றில் இச்சட்டம் இல்லை. நம் நிலங்களிலோ வடிகால்களும் மேடு பள்ளங்களும் மிகுதி. சட்டத்தை அந்த வகை வண்டிக்கென்றே செய்து, சோதித்ததாக வாங்கிப் பொருத்த வேண்டும். தெருமுனைப் பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டிக்கொள்வது போதாது. சட்டம் இருந்தால் இடைவாரும் அணிய வேண்டும்.

இத்தனையும் பேசிக்கொண்டு நாங்கள் பிறைப் பக்கத்து முற்றம் ஒன்றிற்குச் சென்றோம். இரண்டு டிராக்டர்கள் நின்றன. ஒன்று புதுச் சாயத்தில் பளபளத்தது. மற்றொன்று வெயிலில் வெளுத்திருந்தது. மாணவரின் கண் பளபளப்பில் நின்றது. நான் பழஞ்சுவடி பார்ப்பவன் போல் குனிந்தேன். ரப்பர்க் குழாய்களின் மேலும், எண் பொறித்த தகட்டின் மேலும் சாயம் ஏறியிருந்தது. சாயத்தின் அடியில் போல்ட்டுத் தலைகள் சிதைந்திருந்தன. மணிக்காட்டி எண்ணூறு என்றது. ஆனால் கிளட்ச் மிதி ஒருபுறம் தேய்ந்து, இணைப்புத் துளைகள் முட்டை வடிவாகியிருந்தன. எண்ணூறு மணியில் இரும்பு அவ்வளவு தேயாது. தொட்டுப் பார்த்தபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதை மறைக்க அது நல்ல வழி.

வெளுத்த டிராக்டர் குளிர்ந்திருந்தது. சாவி திருப்பியதும் சில விநாடி திணறிக் கிளம்பியது. தொடக்கத்தில் வெண்புகை, சூடேறியதும் மறைந்தது. நீலப்புகை நின்று நிலைத்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். இங்கே அஃது இல்லை. மணிக்காட்டி ஆயிரத்து நானூறு என்றது. மிதியின் தேய்மானமும் அதற்கு ஒத்திருந்தது.

தவுக்கேயிடம் மலாயில் கேட்டேன், ஏன் இப்படிச் சாயம் அடிக்கிறீர்கள் என்று. அவர் மறைக்கவில்லை. “வருபவர்கள் நிறத்தைத்தானே பார்க்கிறார்கள், சிக்கு” என்றார். அவ்விடை என்னைச் சுட்டது. குற்றத்தில் பாதி வாங்குவோருடையது.

அன்று பணம் கொடுக்கவில்லை. இரண்டு வண்டிகளின் வகை எண்ணையும் எழுதிக்கொண்டு உதிரிப் பொருள் கடைகளுக்குச் சென்றோம். வெளுத்த வண்டிக்கு எண்ணெய் வடிகட்டியும் முன் அச்சுச் சீலும் அங்கேயே கிடைத்தன. மற்றதற்கு ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து, பாதுகாப்புச் சட்டத்தையும் வரவழைத்துப் பொருத்தியபின், மாணவர் வெளுத்த வண்டியை வாங்கினார்.

ஆசிரியர்களாகிய நாம் எழுத்தைப் படிக்கக் கற்பிக்கிறோம். பொருளைப் படிக்கவும் கற்பிக்கலாகாதா? சாயம் பின்னால் வந்தவர் எழுதியது. தேய்மானம் உழைப்பே எழுதியது. இவ்வேற்றுமையைக் காணத் தெரிந்த பிள்ளை, தந்தை முப்பது ஆண்டு சேர்த்ததை ஒரே பகலில் இழக்க மாட்டான்.